பசிபிக் கடலின் நீண்ட சுழற்சியை மீட்க எந்த மழைக் குறிப்பை நம்புவது?

வட பசிபிக் கடல் இருபது முப்பது ஆண்டுகள் ஒரு முகத்தைக் காட்டும், பிறகு மறுமுகத்தைக் காட்டும். வட அமெரிக்கக் கரையோரம் வெதுவெதுப்பாகவும் கடலின் நடுப்பகுதி குளிர்ந்தும் கிடந்தால் அது வெப்பக் கட்டம். தலைகீழானால் குளிர் கட்டம். அலாஸ்காவில் சால்மன் மீன்வரத்து ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று துருவிக்கொண்டிருந்த மீன்வள ஆய்வாளர் ஸ்டீவன் ஹேர் 1996-ல் இதற்குப் பசிபிக் பத்தாண்டு அலைவு என்று பெயர் வைத்தார். சுருக்கப் பெயர் பி.டி.ஓ. 1925 முதல் 1946 வரை வெப்பக் கட்டம், 1947 முதல் 1976 வரை குளிர் கட்டம், 1977-லிருந்து 1990-களின் கடைசி வரை மறுபடியும் வெப்பக் கட்டம்.

சிக்கல் இந்த ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. எல்லாரும் எடுத்தாளும் பி.டி.ஓ. குறியீடு 1900-ல்தான் தொடங்குகிறது. அதற்கு முன் வட பசிபிக்கைக் கடந்த கப்பல்கள் குறைவு, அவை எடுத்த நீர்வெப்பக் குறிப்புகள் அதைவிடக் குறைவு. ஒரு முழுச் சுற்றுக்கு 50 முதல் 70 ஆண்டுகள் ஆகுமென்றால் நம் கையில் இருப்பது இரண்டே சுற்று. இரண்டு தீபாவளியை மட்டும் பார்த்தவர் மூன்றாவதற்கு மழை வருமா என்று சொல்வதைப் போன்றது இது. இரண்டு சுற்றை வைத்துக்கொண்டு இதைச் சுழற்சி என்று சொல்லவும் முடியாது, இல்லையென்று மறுக்கவும் முடியாது.

அதனால் நிலத்தின் பக்கம் திரும்புகிறோம். கடலின் வெப்பத்தை யாரும் குறித்துவைக்கவில்லை. ஆனால் மழை சோறு போடுவது, வரி கட்டவைப்பது. அதை அரசர்களும் அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் விடாமல் எழுதிவைத்தார்கள். கடல் மாறினால் மழை மாறும் என்ற உறவைப் பின்னோக்கி ஓட்டினால் கடலின் பழைய நிலை தெரியவரும். எந்த மழைக் குறிப்பை ஆதாரமாக வைப்பது என்பதுதான் எடுக்க வேண்டிய முடிவு.

தெரிவு செய்ய நான்கு வழிகள் உண்டு. கிழக்குச் சீனத்தின் வறட்சி–வெள்ளத் தரப்பட்டியல், 1470 முதல். சிங் பேரரசின் மண்ஈர அறிக்கைகள், 1736 முதல் 1911 வரை. உண்மையான மழைமானிகள்: சியோலில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், சென்னையில் 1813 முதல். நான்காவது, மழையைத் தம் உடலில் பதித்துவைத்த மரங்களும் பவளங்களும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதுகெலும்பாகச் சீனத் தரப்பட்டியலை வையுங்கள். அதைச் சோதிக்க மண்ஈர அறிக்கைகளைப் பயன்படுத்துங்கள். சியோலையும் சென்னையையும் மழையிலிருந்து பி.டி.ஓ.வைக் கணக்கிடும் சமன்பாட்டுக்குள் விடாமல் வெளியே சாட்சியாக நிறுத்துங்கள். இருக்கிற எல்லாத் தரவையும் ஒரே பானையில் போட்டுக் கிளறுவது இன்று கணினியில் மிக எளிது. பிறகு அந்தப் பானையில் வெந்தது சரியா என்று கேட்க வெளியில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

முரடான அளவு ஏன் வெல்கிறது

1981-ல் சீன வானிலை ஆய்வாளர்கள் 500 ஆண்டு வறட்சி–வெள்ள வரைபடத் தொகுப்பை வெளியிட்டார்கள். 120 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஓர் எண். 1 என்றால் மிகு ஈரம், 2 ஈரம், 3 இயல்பு, 4 வறட்சி, 5 கடும் வறட்சி. எண் கூடக்கூட மழை குறைவு என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். குறி மாறிப்போய் முழு வேலையும் தலைகீழாவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. தொடங்கும்போதே ஒவ்வொரு எண்ணையும் 3-லிருந்து கழித்துவிட்டால் ஈரம் நேர்க்குறியாகவும் வறட்சி எதிர்க்குறியாகவும் நிற்கும், குழப்பம் தீரும்.

மழைமானி இல்லாத நூற்றாண்டுகளுக்கு இந்த எண்கள் மாவட்ட வரலாற்று ஏடுகளிலிருந்து வந்தவை. ஆயிரம் லீ தூரத்துக்கு வெற்று மண் என்ற வழக்கமான சொற்றொடர், பல பருவம் நீண்ட வறட்சி, மக்கள் ஊரைவிட்டுப் போனது எல்லாம் சேர்ந்து வந்தால் 5. ஒரு பருவத்தில் மட்டும் வறட்சி என்றால் 4. நல்ல விளைச்சல் என்று இருந்தாலோ குறையொன்றும் சொல்லப்படாவிட்டாலோ 3. ஓரிடத்தில் வயல் மூழ்கியது 2, பல மாவட்டங்களில் பல மாதம் வெள்ளம் 1. மழைமானி வந்த பிறகு மே முதல் செப்டம்பர் வரையிலான மழையே கணக்கு: சராசரியை 1.17 திட்ட விலக்கத்துக்கு (மழை சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவே திட்ட விலக்கம்) மேல் தாண்டினால் 1, அதற்கும் 0.33-க்கும் இடையில் 2, இருபுறமும் 0.33-க்குள் 3, கீழ்ப்பக்கமும் அப்படியே.

இவ்வளவு முரடான அளவை ஏன் முதலிடத்தில் வைக்க வேண்டும்? முதல் காரணம் நீளம். 530 ஆண்டுகளில் அறுபதாண்டுச் சுழற்சி எட்டு ஒன்பது முறை வந்துபோயிருக்க இடமுண்டு. நூறாண்டுச் சுழற்சிகூட ஐந்து முறை வரும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது: பட்டியல் மழைமானிக் காலத்திலும் அதே அளவுகோலில் தொடர்வதால், 1900-க்குப் பிந்தைய பி.டி.ஓ. குறியீட்டோடு நேரடியாக ஒப்பிட முழு நூறாண்டு கிடைக்கிறது. மூன்றாவது, பி.டி.ஓ. ஒரே இடத்து மழையைக் கூட்டிக் குறைக்கும் பேர்வழி இல்லை. மழை எங்கே விழும் என்பதை அது இடம்மாற்றுகிறது. 1970-களின் பிற்பகுதிக்குப் பிறகு வட சீனம் காய்ந்தது, யாங்சே சமவெளி நனைந்தது. தெற்கே வெள்ளம், வடக்கே வறட்சி என்று சீனர்கள் பேசுவது இதைத்தான். ஒரே மழைமானி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் இந்த வடக்கு–தெற்கு ஏற்றத்தாழ்வைக் காட்டாது. அதற்குப் பல இடங்களில் ஒரே காலத்தில் எடுத்த குறிப்பு வேண்டும்.

இந்தப் பட்டியலை வைத்து ஷென் சாய்மிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் 1470 வரையிலான பி.டி.ஓ.வை மீட்டார்கள். 1850-க்கு முன் 75 முதல் 115 ஆண்டு நீளமுள்ள மெதுவான சுழற்சியே மேலோங்கியிருந்தது, 1850-க்குப் பிறகுதான் 50 முதல் 70 ஆண்டுச் சுழற்சி தலைதூக்கியது என்பது அவர்கள் கண்டது. நாம் இன்று பி.டி.ஓ.வின் இயல்பு என்று பாடம் சொல்லும் அறுபதாண்டுக் கணக்கு கடைசி ஒன்றரை நூற்றாண்டின் பழக்கம் மட்டுமாக இருக்கலாம் என்றாகிறது. இருபதாண்டுக்குப் பிறகு கடல் எப்படி இருக்கும் என்று கணிப்பவர்களுக்கு இது பெரிய செய்தி. அதனாலேயே, இந்த 1850 திருப்பம் கடலில் நடந்ததா காகிதத்தில் நடந்ததா என்ற கேள்வியை எளிதில் விட்டுவிடக் கூடாது.

காகிதத்தில் என்னென்ன நடக்கும் என்று பார்ப்போம்.

ஏடு எழுதியவர்கள் கேடு வந்த ஆண்டை எழுதினார்கள், வழக்கமான ஆண்டை எழுதவில்லை. ஏடு தொலைந்துபோன ஆண்டும் ஒன்றும் நடக்காத ஆண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வெற்றிடத்தை 3 என்று நிரப்பினால் அந்தக் காலம் அமைதியாக இருந்ததைப் போலத் தோன்றும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய எண்ணிக்கை போதும். மேலே சொன்ன எல்லைகளை இயல்புப் பரவலில் வைத்தால் ஐந்து தரங்களும் ஏறத்தாழ 12, 25, 26, 25, 12 விழுக்காடு வர வேண்டும். ஐம்பது ஐம்பது ஆண்டுகளாக வெட்டி எண்ணிப் பாருங்கள். எங்கே 3-இன் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டுகிறதோ அங்கே மௌனத்தை இயல்பு என்று படித்துவிட்டோம் என்று சந்தேகப்பட வேண்டும். அந்த இடங்களை வெற்றிடமாகவே விட்டு, சுற்றுவட்டார இடங்களின் சராசரியால் வேலையை நடத்துவது நல்லது.

அடுத்தது, வெள்ளம் எல்லாம் மழை ஆகாது. 1642-ல் கைஃபெங் நகரைக் கிளர்ச்சிப் படை முற்றுகையிட்டிருந்தபோது மஞ்சள் ஆற்றின் கரைகள் வேண்டுமென்றே உடைக்கப்பட்டன. நகரமே நீரில் போயிற்று. அது மிங் பேரரசின் கடைசி ஆண்டுகளின் கொடும் வறட்சிக் காலம். ஏட்டில் பெருநீர் என்று இருப்பதைப் பார்த்து அந்த ஆண்டுக்கு 1 போட்டால், வறட்சியின் நடுவே ஒரு மழைக்காலத்தை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். 1855-ல் ஆறு தோங்வாசியாங்கில் கரையை உடைத்துக்கொண்டு தெற்கே போய்க்கொண்டிருந்த பாதையை விட்டு வடக்கே திரும்பியது. அதன்பின் ஷாண்டோங்கில் வெள்ளக் குறிப்புகள் கூடுவதற்கு மேலே பெய்த மழை மட்டும் காரணமாக இருக்க முடியாது. 1938-ல் ஹுவாயுவான்கோவில் ஜப்பானியப் படையைத் தடுக்கக் கரை உடைத்ததும் இதே கதை. மஞ்சள் ஆற்றின் கீழ்ச்சமவெளியில் உள்ள இடங்களை ஒருமுறை முற்றிலும் நீக்கிவிட்டு முழுக் கணக்கையும் திரும்ப ஓட்ட வேண்டும். 1850 திருப்பம் அப்போதும் நின்றால் நம்பிக்கை கூடும். கரைந்துபோனால் நாம் அளந்தது ஆற்றை, கடலை அளக்கவில்லை.

வரி விலக்குக் கேட்பதற்காகக் கேட்டைப் பெருக்கி எழுதும் வழக்கமும் உண்டு. ஆனால் அது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் ஓரளவு ஒரே மாதிரி இருப்பதால் சராசரியில் பெரும்பாலும் அடங்கிவிடும். கைஃபெங் மாதிரியான தவறுதான் ஆபத்து.

மண்ணைத் தோண்டிப் பார்த்த அதிகாரிகள்

சிங் பேரரசில் மழை பெய்தால் உள்ளூர் அதிகாரி வயலுக்குப் போய் மண்ணைத் தோண்டிப் பார்ப்பார். மேலே ஈரமண், கீழே காய்ந்த மண், இரண்டுக்கும் நடுவே தெளிவாகத் தெரியும் ஒரு கோடு. அந்த ஆழத்தை சுன், ஃபென் என்ற அளவுகளில் எழுதிப் பேரரசருக்கு அனுப்ப வேண்டும். ஒரு சுன் ஏறத்தாழ 3.2 செ.மீ., அதில் பத்தில் ஒன்று ஃபென். பனி விழுந்தால் தரைமேல் நின்ற உயரம். 1736 முதல் 1911 வரை இப்படிச் சேர்ந்த அறிக்கைகள் பெய்ஜிங்கில் உள்ள முதல் வரலாற்று ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. மழைமானி இல்லாமல் மழையை அளக்க மனிதர் கண்ட வழிகளில் இதைவிட நேர்த்தியானதைச் சொல்வது கடினம். உழவருக்கு வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதைவிட வேருக்கு எவ்வளவு போயிற்று என்பதுதானே கணக்கு.

மில்லிமீட்டருக்கு மாற்றும்போதுதான் கஷ்டம் தெரியும். மூன்று சுன் ஈரம் என்றால் 96 மி.மீ. ஆழ மண். காய்ந்த வண்டல் மண் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு நீரை ஏற்கும் என்று வைத்தால் பெய்த மழை 19 மி.மீ. முந்தைய வாரமே நனைந்த மண்ணாக இருந்து பத்தில் ஒரு பங்குதான் ஏற்குமென்றால் 10 மி.மீ.க்கும் குறைவு. ஒரே குறிப்பு, மழை இரு மடங்கு வேறுபடுகிறது. அதனால்தான் சீன ஆய்வாளர்கள் இன்றைய வயல்களில் நீரூற்றிப் பார்த்து, மண்ணில் நீர் இறங்கும் கணக்கோடு சேர்த்தே மாற்றினார்கள். ஒவ்வொரு அறிக்கையையும் தனியே மாற்றக் கூடாது. முந்தைய அறிக்கையின் தேதியையும் ஆழத்தையும் வைத்து, இடைப்பட்ட நாட்களில் எவ்வளவு ஈரம் போயிருக்கும் என்று கழித்துக்கொண்டே வர வேண்டும்.

மேல்நுனியில் இன்னொரு தொல்லை. மண் முழுக்க ஊறிவிட்டால் அதிகாரி ஆழம் எழுதமாட்டார், நிறைய நனைந்தது என்று எழுதி முடித்துவிடுவார். அதற்கு மேல் 50 மி.மீ. பெய்தாலும் 150 மி.மீ. பெய்தாலும் ஏட்டில் ஒன்றுதான். எனவே இந்த அறிக்கைகள் வறட்சியை நன்றாகக் காட்டும், பெருமழையை மழுங்கடிக்கும். வட சீனத்துக்குப் பொருத்தம், யாங்சே பக்கம் போகப்போக மதிப்புக் குறைவு. தைப்பிங் போர் நடந்த 1850-களிலும் 60-களின் தொடக்கத்திலும் யாங்சே பகுதி அறிக்கைகள் மெலிந்துபோகின்றன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தேதிகள் சந்திர நாட்காட்டியில் இருக்கும். 19 ஆண்டுகளில் 7 முறை அதிக மாதம் புகும். ஐந்தாம் மாதம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு மே என்று எழுதினால் யாங்சேயின் ஜூன் மாத மெய்யூ மழை முழுவதும் வசந்த மழை ஆகிவிடும். ஐந்தாம் மாதம் மே கடைசியிலிருந்து ஜூன் மூன்றாம் வாரம் வரை எந்த நாளிலும் தொடங்கலாம். நாள்வாரியாக மாற்றிய பிறகே மாதக் கூட்டுத்தொகை போட வேண்டும்.

இவ்வளவு நுட்பமான பதிவை ஏன் முதுகெலும்பாக வைக்கவில்லை? பி.டி.ஓ. குறியீடு 1900-ல் தொடங்குகிறது, அறிக்கைகள் 1911-ல் முடிகின்றன. இரண்டும் சேர்ந்து இருப்பது ஒரு பன்னிரண்டு ஆண்டு. பன்னிரண்டு ஆண்டை வைத்துப் பத்தாண்டுச் சுழற்சியை அளவுத்திருத்தம் செய்ய, அதாவது மழைக்கும் கடலுக்கும் உள்ள உறவை எண்ணாகக் கணக்கிட, வழியே இல்லை. ஆனால் தரப்பட்டியலோடு இவை 176 ஆண்டுகள் ஒன்றாக ஓடுகின்றன. எனவே பட்டியலின் 5 உண்மையிலேயே எத்தனை மில்லிமீட்டர் குறைவு, 3 என்று இருப்பது மௌனமா இயல்பா, 1850-க்கு முன்னும் பின்னும் தரம் போட்டவர்களின் கை ஒரே மாதிரி இருந்ததா என்று கேட்க இதைவிட நல்ல ஆள் கிடையாது. முழுப் பட்டியலுக்கும் ஒரே ஒட்டுறவு எண் (இரு தொடர்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு, முழுதும் ஒத்துப்போனால் 1) போடுவதோடு நிற்காமல் 1736–1790, 1791–1850, 1851–1911 என்று மூன்றாக வெட்டித் தனித்தனியே பாருங்கள். நடுத்துண்டில் 0.7, கடைசித் துண்டில் 0.4 என்று வந்தால் கடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஏட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

மழைமானிகள்: சியோலும் சென்னையும்

கொரியாவில் சேஜோங் மன்னர் காலத்தில் 1441-ல் மழைமானி வந்துவிட்டது. வாய்ப்பகுதி ஏறத்தாழ 14 செ.மீ. விட்டமுள்ள உருளை. பழைய குறிப்புகள் போர்களில் அழிந்தன. 1770-ல் யோங்ஜோ மன்னர் முறையை மறுபடி நிறுவிய பிறகு சியோலின் பதிவு இன்றுவரை வருகிறது. அளவின் கடைசிப் படி புன், அதாவது ஏறத்தாழ 2 மி.மீ. அதற்குக் கீழான தூறல் கணக்கில் வராது. பனியை அளக்காததால் குளிர்காலத்தை ஒதுக்கிவிடலாம். கோடை மழைக்கு மிக நல்ல பதிவு. 1880-களின் நடுவிலிருந்து 1910 வரை சியோலில் நீண்ட வறண்ட காலம் ஒன்று வருகிறது. தரப்பட்டியலின் வட சீனப் பகுதியிலிருந்து மீட்ட தொடர் அந்த ஆண்டுகளில் என்ன சொல்கிறது என்று ஒத்துப்பார்க்க இதைவிட நேரான சோதனை இல்லை. சியோலைச் சமன்பாட்டில் சேர்த்திருந்தால் அந்தச் சோதனையை இழந்திருப்போம்.

சென்னையின் பதிவு வேறு வகையில் உதவும். கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைத்த வானாய்வகத்தில் 1813 முதல் மழைக்கணக்கு கிடைக்கிறது. இந்தியாவில் இவ்வளவு பழைய மழைத் தொடர் வேறில்லை. ஆனால் அது பேசுவது பி.டி.ஓ.வைவிட, நிலநடுக்கோட்டுப் பசிபிக் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெதுவெதுப்பாகும் எல் நினோவைப் பற்றி. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்கச் சோர்வதும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வலுப்பதும் பொதுவான போக்கு. 1918 நல்ல உதாரணம். நாடு முழுக்கக் கொடும் வறட்சி, ஆனால் அந்த நவம்பரில் சென்னையில் 1,088 மி.மீ. கொட்டியது. அதை நெருங்கிய நவம்பர் 2015-ல்தான் வந்தது, 1,049 மி.மீ. அதுவும் பெரிய எல் நினோ ஆண்டு. எதிர்ச்சாட்சியும் உண்டு: 2005 அக்டோபரில் எல் நினோ இல்லாமலேயே சென்னையில் 1,000 மி.மீ. தாண்டியது. ஒரே மழைமானியில் ஓரிரு காற்றழுத்தத் தாழ்வு நிலைகள் பருவத்தின் பாதியைக் கொட்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

சென்னையின் ஆண்டு மொத்தத்தை எடுத்து எல் நினோவோடு ஒப்பிடுவது வீண் வேலை. ஜூன்–செப்டம்பர் ஒரு பக்கம் இழுக்கும், அக்டோபர்–டிசம்பர் மறுபக்கம் இழுக்கும், கூட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பருவத்தைப் பிரித்த பிறகே பேச்சு. 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளைத் தொடும்போது மழைமானி தரையில் இருந்ததா கூரைமேல் இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். உயரத்தில் காற்று அதிகம், கூரை மழைமானி குறைவாகவே பிடிக்கும்.

மரங்களையும் பவளங்களையும் பற்றி இங்கே சுருக்கமாகப் போதும். கலிபோர்னியா, ஆல்பெர்ட்டா பைன் மரங்களின் வளையங்களிலிருந்து மெக்டொனால்டும் கேஸும் 2005-ல் பி.டி.ஓ.வை கி.பி. 993 வரை கொண்டுபோனார்கள். அங்கும் 50–70 ஆண்டுச் சுழற்சி விட்டுவிட்டுத்தான் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஆற்றுவெள்ளம் கொண்டுவந்த மண்மக்கு பவளத்துக்குள் ஒளிரும் கோடுகளாகப் படிந்து, குயின்ஸ்லாந்தின் மழையை 17ஆம் நூற்றாண்டு முதல் காட்டுகிறது. குறை என்னவென்றால் 1900-க்கு முன் இப்படிப்பட்ட மீட்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒவ்வொன்றும் பசிபிக்கின் ஒரு மூலையின் மழையைப் பார்க்கிறது. அவற்றைச் சராசரி எடுப்பது ஒன்றோடொன்று முரண்படும் மூன்று சாட்சிகளின் வாக்குமூலத்தைக் கூட்டி மூன்றால் வகுப்பதாகும். தனித்தனியே வைத்து எங்கே ஒத்துப்போகின்றன என்று மட்டும் பாருங்கள்.

செய்முறை, தவறும் இடங்களோடு

கிழக்குச் சீனத்தின் இடங்களை வட சீனம், யாங்சே நடு–கீழ்ப் பகுதி, தென் சீனம் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடமுள்ள இடங்களை விடுங்கள். பல இடங்களின் தரவைச் சில பொதுப் பாங்குகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு செய்து முன்னணிக் கூறுகளை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: 530 ஆண்டுத் தரவில் ஒவ்வொரு கூறின் மதிப்பிலும் ஏறத்தாழ 6 விழுக்காடு பிழை இருக்கும். இரண்டு கூறுகளின் மதிப்புகள் அதைவிட நெருங்கியிருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறியக் கூடாது, இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

1925 முதல் 1998 வரையில் அளவுத்திருத்தம், 1900 முதல் 1924 வரையில் சரிபார்ப்பு, பிறகு துண்டுகளை மாற்றியும் ஒருமுறை. தொடர்புப் போக்குச் சமன்பாட்டுக்கு முன் தரவை வழவழப்பாக்க வேண்டாம். பலர் சறுக்கும் இடம் இதுதான். பதினோரு ஆண்டு நகரும் சராசரி எடுத்துவிட்டு ஒட்டுறவு பார்த்தால் எண் அழகாக 0.7-க்குப் போகும். ஆனால் வழவழப்பாக்கிய தொடரில் அடுத்தடுத்த ஆண்டுகள் ஒன்றின் நகல் மற்றது. தன்னொட்டுறவு, அதாவது ஓராண்டின் மதிப்புக்கும் அடுத்த ஆண்டின் மதிப்புக்கும் உள்ள ஒட்டுறவு, இரு தொடரிலும் 0.95 என்றால் நூறாண்டுத் தரவில் தனித்து நிற்கும் மதிப்புகள் ஐந்துதான். ஐந்து மதிப்புக்கு 0.88 தாண்டினால்தான் ஒட்டுறவைப் பொருட்படுத்தலாம். ஆண்டுத் தரவிலேயே தன்னொட்டுறவு 0.6 இருந்தால்கூட நூறு என்பது நாற்பத்தேழாகச் சுருங்கும், அங்கே 0.29 போதும். அழகான 0.7-ஐவிட ஆண்டுத் தரவில் வந்த சாதாரண 0.45 நம்பத்தக்கது.

அலைவீச்சு இன்னொரு பொறி. ஒட்டுறவு 0.6 கொண்ட சமன்பாடு உண்மையான மாறுபாட்டில் 36 விழுக்காட்டைத்தான் திருப்பித் தரும். பழைய நூற்றாண்டுகள் இன்றைவிட அமைதியானவை என்று தோன்றும், அது கணக்கின் விளைவு. மாறுபாட்டைச் செயற்கையாக இழுத்துச் சமப்படுத்தினால் சத்தமும், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கமும், சேர்ந்து பெருகும். எதைச் செய்தீர்கள் என்று வரைபடத்தின் கீழேயே எழுதிவிடுவது நேர்மை.

சுழற்சி உண்டு என்று அறிவிப்பதற்கு முன், அதே தன்னொட்டுறவு கொண்ட ஆயிரம் போலித் தொடர்களை உண்டாக்கி, அவற்றையும் அதே வடிகட்டியில் போட்டுப் பாருங்கள். நகரும் சராசரி என்பது தானே சுழற்சிகளை உண்டாக்கக்கூடிய கருவி. ஆயிரத்தில் ஐம்பதுக்கும் அதிகமான போலிகள் உங்கள் அறுபதாண்டுச் சிகரத்தை எட்டினால் கையில் இருப்பது சத்தம்.

இந்த மீட்பை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சீன மழையிலிருந்து மீட்ட பி.டி.ஓ.வை வைத்துச் சீன வறட்சிகளுக்குக் காரணம் சொல்லக் கூடாது. மிங் கால வறட்சி பி.டி.ஓ.வால் வந்தது என்று இதே தொடரைக் காட்டி எழுதினால், அதற்கும் வறட்சி வறட்சியால் வந்தது என்று எழுதுவதற்கும் வேறுபாடில்லை. இந்தியப் பருவமழையை, கொரிய மழையை, கலிபோர்னிய ஆறுகளை விளக்க இதைக் கொண்டுபோகலாம். வெப்பக் கட்டமும் எல் நினோவும் சேர்ந்து வரும்போது இந்தியாவில் தென்மேற்குப் பருவம் கூடுதலாகத் தளர்கிறது என்பது தெரிந்திருப்பதால், நம் பக்கத்து அணைத் திட்டங்களுக்கு இதன் மதிப்பு அங்கேதான். அப்போதும் ஒரு கவனம் தேவை: எல் நினோவுக்கும் இந்தியப் பருவமழைக்கும் உள்ள பிணைப்பே 1970-களின் பிற்பகுதிக்குப் பின் தளர்ந்தது. நூறாண்டில் தளரும் உறவு ஐந்நூறாண்டு மாறாமல் இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசியாக, எல்லாரும் செய்ய வேண்டிய, பெரும்பாலோர் விட்டுவிடும் சோதனை ஒன்று. 1876 முதல் 1879 வரை வட சீனத்தில் ஷான்சி, ஹெனான் மாகாணங்களைத் துடைத்தெறிந்த பஞ்சமும், நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் பஞ்சமும் ஒரே காலத்தவை. 1877–78-இன் பெரும் எல் நினோ இரண்டின் மேலும் நின்றது. எல் நினோ என்பது ஓரிரு ஆண்டு விவகாரம், பத்தாண்டுச் சுழற்சியில் அதற்கு இடமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் சுற்றியுள்ள ஆண்டுகள் எல்லாம் 3, நடுவில் மூன்றாண்டு மட்டும் 5 என்றால், பதினோரு ஆண்டுச் சராசரி 0.55 தரம் நகரும். தரங்கள் முன்சொன்ன விழுக்காட்டில் தற்செயலாக வந்தால் அந்தச் சராசரியின் திட்ட விலக்கம் 0.36 அளவில் இருக்கும். ஆக ஒரே ஒரு பஞ்சம் ஒன்றரைத் திட்ட விலக்க உயரத்தில், பத்தாண்டு நீளமான ஒரு கட்டமாக வேடம் போட்டு நிற்கும். 1850-க்குப் பிந்தைய சுழற்சியின் முதல் வளைவே இந்தப் பஞ்சத்தின் நிழலா என்று கேட்காமல் இருக்க முடியாது.

இரண்டு வழியில் பார்க்கலாம். சராசரிக்குப் பதில் பதினோரு ஆண்டின் நடுமதிப்பை எடுங்கள், மூன்று ஆண்டு அதை அசைக்காது. அடுத்து, 1900-க்குப் பிந்தைய அசல் பி.டி.ஓ.வுக்கும் சென்னையின் அக்டோபர்–டிசம்பர் மழைக்கும் ஆண்டுத் தரவில் எவ்வளவு ஒட்டுறவு இருக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டு, மீட்ட தொடரை 1813 முதல் 1899 வரை அதே சென்னை மழையோடு ஒப்பிடுங்கள். ஒட்டுறவு அசலைவிடத் தெளிவாகக் கூடினால் எல் நினோ உள்ளே கசிந்திருக்கிறது. அப்போது 1876 முதல் 1878 வரையிலான தரங்களை வெற்றிடமாக்கிவிட்டு, முதல் படியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.